பேரணி முடியட்டும், சின்னம்மா

1996-ஆம் வருசம், ஐப்பசி மாசம். எங்க சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு தாலுகா ஆபீசுக்குப் பேரணி போவதென்று முடிவாகியிருந்தது. அதற்காகவே கல்லூரி விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். தட்டி எழுதுவது, துண்டறிக்கை அச்சடித்து வாங்கி வருவது, வீடு வீடாகப் போய்ப் பெண்களைத் திரட்டுவது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அப்போது வயசு இருபது.

ராத்திரி பத்து மணி இருக்கும். கரண்ட் இல்லை. சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு திண்ணையில் தட்டி எழுதிக்கொண்டிருந்தேன். எங்க சின்னம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். பச்ச ஒடம்புக்காரி இந்த நேரத்துல வெளிய வரலாமா என்று நான்தான் கடிந்துகொண்டேன்.

"அஞ்சு நாளா கண்ண மூடல பாப்பா. மூடனா காதுகிட்ட யாரோ பேசறாங்க. புள்ளயப் பாத்தா என் புள்ள மாதிரியே இல்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிம்போறியா? எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நம்ம வூட்டுல நீ ஒருத்திதான்."

"திங்கக்கெழம பேரணி இருக்குது சின்னம்மா. அது முடியட்டும். செவ்வாக்கெழம மொத பஸ்சுக்கே போலாம்."

சரி பாப்பான்னு எழுந்து போச்சு.

பேரணி நல்லபடியாக நடந்தது. பெண் விடுதலையைப் பற்றி தாலுகா ஆபீஸ் வாசலில் நானே மைக் பிடித்துப் பேசினேன். செவ்வாய்க்கிழமை விடிகாலை சின்னம்மா வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை. பேய் பிடிச்சிருக்குதென்று பக்கத்து ஊர்ப் பேயோட்டியிடம் கூட்டிப் போய்விட்டிருந்தார்கள். வேப்பிலை அடி, மிளகாய்ப் புகை, சாட்டை. மூணு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பேச்சு நின்று போயிருந்தது. மாட்டுக்கொட்டகையில் காலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். எட்டு மாசம். சித்தப்பா வேற பொண்ணு கட்டிக்கொண்டார். ஒரு நாள் விடிந்து பார்த்தால் சங்கிலி கிடந்தது, சின்னம்மா இல்லை. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆளாகவும் வரவில்லை, பிணமாகவும் வரவில்லை.

சுடுகாட்டுப் பாதை எங்களுக்கு 1999-இல் கிடைத்தது. அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு போக சின்னம்மாவின் உடம்பு கிடைக்கவில்லை.

தோழர்களே, பேரணி போனது தப்பு என்று நான் எழுத வரவில்லை. பாதை இல்லாமல் வயல் சேற்றில் பிணம் தூக்கிப் போன சனம் நாங்கள். அந்தப் பேரணிக்கு இன்னும் நூறு தடவை போவேன். நான் கேட்பது வேறு. முன்னூறு பேரைத் திரட்டத் தெரிந்த எனக்கு, ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக இன்னொரு ஆளை ஏற்பாடு செய்யத் தோன்றவில்லையே, ஏன்? பாதை இயக்கத்தின் காரியம், சின்னம்மாவின் தூக்கம் வீட்டுக் காரியம் என்று என் மண்டைக்குள் பிரித்து வைத்தது யார்? பெண்ணின் மனசு நோவதை இயக்கம் தன் காரியமாக எடுத்துக்கொள்ளாத வரைக்கும், சேரிக்குள் சங்கிலி போடுகிற கைகளில் நம் கையும் ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சின்னம்மாவுக்கு வந்தது என்ன என்பதைப் பார்ப்போம். அதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. மகப்பேற்றுக்குப் பின் வரும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒருவர் இருவருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூக்கம் அறவே போகும், காதில் குரல் கேட்கும், பெற்ற பிள்ளையே அந்நியமாகத் தெரியும். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து உண்டு என்பதால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அவசரம் அது. சேர்த்து மருந்து கொடுத்தால் பெரும்பாலான பெண்கள் குணமாகி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதாவது எங்க சின்னம்மா திரும்பி வந்திருக்க வேண்டிய ஆள். இந்தச் சேதி எனக்குத் தெரிய வந்தது பத்து வருசம் கழித்து.

இந்தியாவில் தேசிய மனநலத் திட்டம் 1982-இலேயே வந்துவிட்டது. அதை மாவட்டத்துக்குக் கொண்டுபோகும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் ஆரம்பித்தது. சின்னம்மா என்னிடம் வந்து நின்ற அதே வருசம்! காகிதத்தில் எழுதிய திட்டம் சேரித் தெருவுக்கு நடந்து வர எத்தனை வருசம் ஆகும் என்பது நமக்குப் புதுசில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோய்க்கு ஏற்றபடி, நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சை கிடைக்காமல் இருக்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. சிகிச்சை கிடைத்த சிலர் யார், கிடைக்காத பலர் யார் என்று கேட்டுப் பார்த்தால் சாதியும் வர்க்கமும் ஆண் பெண் பேதமும் தானாக எழுந்து வரும்.

இனி நம் ஆட்கள் சொல்லும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

'மனநோயெல்லாம் மேட்டுக்குடி வியாதி தோழர், உழைக்கிற சனத்துக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்' என்று ஒரு மூத்த தோழர் கூட்டத்திலேயே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் வீட்டுக்காரம்மா ஆறு மாசமாக அடுப்பு பற்றவைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்க பெண்டுங்க 'மன அழுத்தம்' என்று சொல்வதில்லை. அது பத்திரிகைத் தமிழ். கையும் காலும் ஓஞ்சு போச்சு, நெஞ்சு படபடங்குது, தலைக்குள்ள வண்டி ஓடுது, வயித்துல தீ எரியுது என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் சொன்னால் சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறார்கள். உடம்பின் பாஷையில் பேசும் வலியைக் கேட்கக் காது இல்லாத வைத்தியமும், அதை மேட்டுக்குடி வியாதி என்கிற அரசியலும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொள்கின்றன.

ஆண்களைவிடப் பெண்களுக்கு மனச்சோர்வு நோய் கூடுதலாக வருகிறது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொள்ளப்பட்ட உண்மை. ஏன் வராது? விடியக் காலை நாலு மணிக்கு எழுந்து வீட்டு வேலை, பிறகு களையெடுக்கக் கழனி வேலை, ஊர்க்காரன் பேச்சு, சாயங்காலம் குடித்துவிட்டு வருகிறவன் அடி. சாதிக்காரனிடம் வாங்கும் வசையை இறக்கிவைக்க ஆணுக்கு வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் எங்கே இறக்கிவைப்பாள்?

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. 'நோய்க்குக் காரணம் சாதி. சாதி ஒழிந்தால் நோய் போய்விடும். மாத்திரை கொடுத்துக் கோபத்தை மழுங்கடிப்பது அதிகாரத்தின் தந்திரம்.' இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதால்தான் இது ஆபத்தாகிறது. காசநோயும் பட்டினியிலும் காற்றில்லாத குடிசையிலும்தான் வளர்கிறது. அதற்காக, குடிசை மாளிகையாகட்டும், அதுவரை மாத்திரை வேண்டாம் என்று எந்தத் தோழராவது காசநோய்க்காரரிடம் சொல்வாரா? வீட்டுக்கும் போராடுவோம், மாத்திரையும் வாங்கித் தருவோம். மனசுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? தூங்காத பெண்ணால் போராட்டத்துக்கு வர முடியாது என்பது இருக்கட்டும். போராட்டத்துக்கு வராவிட்டாலும் அவள் தூங்க வேண்டும்.

மூன்றாவது, பேய். இதைக் கவனமாகப் பேச வேண்டும். நாட்டார் தெய்வங்களையும் சாமியாட்டத்தையும் நம் பண்பாடு என்று நாம் மீட்டெடுத்து எழுதி வந்திருக்கிறோம். நானும் எழுதினேன். வாய் திறக்காத பெண் சாமி வந்து ஆடும்போது புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், மாமியாரைக் கேள்வி கேட்கிறாள், ஊரே கைகட்டிக் கேட்கிறது. அந்த இரண்டு நாழிகை அவளுக்குக் கிடைத்த மேடை. அதை மூட நம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனசு வராது. ஆனால் பேயோட்டுவது அதற்கு நேர் எதிரான காரியம். அங்கே பேசுகிற பெண்ணைப் பேச்சு நிற்கும்வரை அடிக்கிறார்கள். எங்க சின்னம்மாவுக்கு நடந்தது அதுதான். குரலைக் கேட்கும் சடங்கையும், குரலை அடித்து அணைக்கும் சடங்கையும் ஒரே 'பண்பாடு' என்ற மூட்டையில் கட்டி நாம் கொண்டாடிவிட்டோம் என்றால் அது நம் தப்பு.

கும்பிடப் போகும் இடத்தில் சனங்களைத் தடுக்கவும் வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தனியார் மனநல விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்த விடுதிகளை அரசு மூடியது, உச்சநீதிமன்றம் தலையிட்டது. பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில் தொழுகையும் நடக்க, பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவரும் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நேர்ந்துகொள்ள வருகிறவர்களை ஏளனம் செய்யாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அந்த 28 பேர் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, எங்க மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சுவரில் இருந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்ம ஊட்டுல தீப்பிடிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாலாவது மறுப்பு பெண்களிடமிருந்தே வருவது. 'பைத்தியக்காரின்னு பேர் கட்டிருவாங்க.' இந்தப் பயம் நியாயமானது. எதிர்த்துப் பேசும் பெண்ணை, பிடிக்காத கல்யாணத்தை மறுக்கும் பெண்ணை, சொத்தில் பங்கு கேட்கும் பெண்ணை வாயடைக்க ஊருக்குக் கிடைத்த சுலபமான சொல் அது. இதைச் சட்டமே இப்போது யோசித்திருக்கிறது. 2017-இல் இயற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவருடைய சமூக நிலையை வைத்தோ, ஊரின் ஒழுக்கத்துக்கும் வழக்கத்துக்கும் அடங்கவில்லை என்பதை வைத்தோ மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது. சாதி, பால், வர்க்கம் பார்க்காமல் அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருத வேண்டும், அரசு அவருக்குப் பராமரிப்பு தர வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்கும் நம் தோழர்களில் எத்தனை பேர் இந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறோம்?

இரண்டு சட்டத்தையும் சேர்த்தும் பார்க்க வேண்டும். தாக்குதல் நடந்த சேரிக்கு நாம் ஓடுகிறோம். உண்மை அறியும் குழு போகிறது. எரிந்த வீடு எத்தனை, உடைந்த பாத்திரம் எத்தனை என்று கணக்கெடுக்கிறோம். அரிசி, பாய், வேட்டி சேலை போகிறது. வழக்கு நடக்கிறது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-இல் 18 பழங்குடிப் பெண்களை வன்புணர்ச்சி செய்த வழக்கில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு 2011-இல் வந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். முப்பத்தொரு வருசம்! அத்தனை வருசமும் அந்தப் பெண்கள் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி சாட்சியாக நின்றார்கள். ஒவ்வொரு தடவை சொல்லிவிட்டு வந்த ராத்திரியும் எப்படிப் போயிருக்கும்? சாட்சி சொன்ன பெண்ணின் வீரத்தை எழுதுகிறோம், அவள் தூக்கத்தை எழுதுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் விசாரணை முடியும்வரை சமூகப் பொருளாதார மறுவாழ்வு தருவது அரசின் கடமை என்கிறது. அந்த மறுவாழ்வில் மனநலச் சிகிச்சையும் சேர்த்தி என்று ஒவ்வொரு மனுவிலும் நாம் ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா, 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தாட்வி. இரண்டையும் நிறுவனக் கொலை என்றோம். சரியாகத்தான் சொன்னோம். ஆனால் உங்க விடுதியில் மூணு நாளாகச் சாப்பாட்டுக்கு வராத பெண்ணின் அறைக் கதவை யார் தட்டினார்கள்? கல்லூரியை எதிர்த்துக் கோஷம் போடுவதும் அந்தக் கதவைத் தட்டுவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு வேலை.

இப்போது எங்க தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சின்னம்மா விட்டுப்போன பிள்ளையை எங்கம்மாதான் வளர்த்தது. என் தங்கச்சி. கல்யாணம் பேசும்போது அவளுடைய அம்மா செத்துப்போச்சு என்றே சொன்னோம். 2019-இல் தங்கச்சி முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று நான் படித்திருந்தேன். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடலாம் என்றேன். எங்கம்மா காலில் விழாத குறை. "மறச்சு கட்டிக்குடுத்தோம். இப்ப மாமியாக்காரி காதுல வுழுந்தா வாழாவெட்டியா வந்து நிப்பா. உன் இயக்கமா வந்து சோறு போடும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடி மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனேன். கடனையும் வட்டியையும் பேசி முடித்தபிறகு சின்னம்மா கதையை எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒருத்தர் பின் ஒருத்தராக, எங்கத்தைக்கு இப்படி, எங்கக்காவுக்கு இப்படி, எனக்கே ரெண்டாவது புள்ளைக்கு இப்படி என்று பேச ஆரம்பித்தார்கள். பதினெட்டுப் பேர் இருந்த கூட்டத்தில் பதினோரு பேர். இருபது வருசமாக ஒரே தெருவில் தண்ணி பிடித்தவர்கள்!

குழந்தை பிறந்து நாலாம் நாள் தங்கச்சிக்குத் தூக்கம் போனது. "புள்ள என்ன மொறைக்குது" என்றாள். அன்றைக்கே 108 வண்டியில் அரசு ஆஸ்பத்திரி. செவிலியருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால் பேயா நோயா என்ற பட்டிமன்றத்துக்கே இடமில்லாமல் போனது. மூணு வாரம் உள்ளே இருந்தாள். குழுப் பெண்கள் எட்டுப் பேர் முறை வைத்துக்கொண்டார்கள். ராத்திரி கூடப் படுக்க ஒருத்தர், பகலில் குழந்தையைப் பார்க்க ஒருத்தர். மருந்து இலவசம்தான். போய் வருவது இலவசமில்லை. கூடப் போனவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அதனால் வீட்டுக்கு மாசம் இருபது ரூபாய் என்று தெருவில் வசூலித்து, கூலி போனவருக்கு அதிலிருந்து கொடுத்தோம். குடிக்கப் போய்விட்ட மாப்பிள்ளையை இரவுப் பள்ளி நடத்தும் தம்பிகள் இரண்டு பேர் கூட்டி வந்து, டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்கள். மாமியார் வீட்டுக்கு ஆறு பெண்கள் போனார்கள், சண்டைக்கு இல்லை. "ஒனக்கு சக்கர வந்து மாத்திர போடல? அவளுக்கு மூளையில. அவளும் போடறா." அந்தம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது. தங்கச்சி இப்போது நன்றாக இருக்கிறாள். மகன் பள்ளிக்கூடம் போகிறான்.

தோற்ற கதையும் உண்டு. அதே தெருவில் இன்னொரு பெண்ணுக்கு மாத்திரை வாங்கித் தந்து தேறி வந்தது. தை மாசம் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல்பட்டுப் பக்கம் சூளைக்குப் போய்விட்டார்கள். மாத்திரை தீர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக சூளைக்காரன் விடவில்லை. ஆனியில் திரும்பியபோது நோயும் திரும்பியிருந்தது. சூளைக்குப் போகுமுன் கூடுதல் மாத்திரையும் சீட்டும் வாங்கித் தர வேண்டும், அங்கே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு அதன்பிறகுதான் உறைத்தது. சூளையின் கொத்தடிமைத்தனத்தை எதிர்ப்பதும் மாத்திரைச் சீட்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று அந்தப் பெண் எங்களுக்குக் காட்டினாள்.

படிக்காத பெண்களால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு வெளியிலிருந்தும் சான்று தருகிறேன். ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் தலைநகர் ஹராரேயின் ஏழைக் குடியிருப்பில் 14 பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலைய வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வந்து உட்காருகிறவரின் கதையைக் கேட்பது, எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது என்று சேர்ந்து யோசிப்பது, இதுதான் வேலை. முறையாகச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நோய்க்குறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. பாகிஸ்தான் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களே பிரசவித்த தாய்களின் மனச்சோர்வைக் குறைத்துக் காட்டினார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. சேரியில் கேட்கத் தெரிந்த ஆயாக்களுக்கா பஞ்சம்?

ஆனால் எச்சரிக்கை. கதை கேட்பது எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. தூக்கமே இல்லை, இல்லாத குரல் கேட்கிறது, சாக வேண்டும் என்கிறாள், பிள்ளைக்கு ஆபத்து என்றால் பெஞ்சு போதாது, டாக்டர் வேண்டும். தனியாக விடக் கூடாது. அரசின் 14416, 104 எண்கள் இரண்டும் இரவு பகல் இலவசம். அவற்றைக் குழுவின் எல்லாப் பெண்களும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு 'கேக்கல' என்று நிறுத்துவதும், தேறியதும் தானாக நிறுத்துவதும்தான் பெரிய தோல்வி. சோர்வு என்று வருபவருக்கு ரத்தசோகையும் தைராய்டும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவையும் அதே மாதிரி ஆளைச் சாய்க்கும்.

இதற்கெல்லாம் இயக்கத்தில் இடம் எங்கே என்பவர்களுக்கு அம்பேத்கரை நினைவூட்டுகிறேன். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில், வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பேறுகாலச் சலுகை தரும் மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். அதன் செலவைத் தனிப் பெண்ணின் தலையில் போட்டுவிடக் கூடாது என்பது அவர் வாதம். பிள்ளைப்பேற்றை வீட்டுக் காரியமாக விடாமல் பொதுக் காரியமாக்கியவர் பேரைச் சொல்லும் நாம், பிள்ளை பெற்றவளின் மனசை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்கள், ஒரு மாணவர், ஒரு ஆண் தோழர் என்று நாலு பேர் இந்த வேலைக்கென்று நிற்கட்டும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, கூலி போனவருக்கு நிதி சேர்ப்பது, மாத்திரை தீரும் தேதியைக் குறித்துவைப்பது, எந்த வீட்டிலாவது சங்கிலி இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஆண் தோழர் ஏன் என்றால், சங்கிலிச் சாவி பெரும்பாலும் ஆண்கள் கையில் இருக்கிறது. மாவட்ட மனநலக் குழுவின் மருத்துவர் மாசம் ஒரு தடவை சேரிக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டும் என்று மனு கொடுப்போம். வராவிட்டால் அதற்கும் ஒரு பேரணி போவோம்.

அந்தப் பேரணிக்கு நான் தட்டி எழுதுவேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், தட்டியைக் கீழே வைத்துவிடுவேன். மிச்சத்தை நீங்கள் யாராவது எழுதி முடியுங்கள், தோழர்களே.